வீட்டுக் கணக்கில் எழுதாத செலவு

வடசென்னையில் ஒரு பழைய மூன்று மாடிக் குடியிருப்பு. கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, உள்ளே இருந்த காகிதங்களை மடியில் பரப்பினார். ஒதுக்கீட்டு ஆணை, மடித்த இடமெல்லாம் நைந்து நான்கு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. அதன் கீழே மாதத் தவணை கட்டிய ரசீதுகள், வருட வாரியாக நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டுகள். "எல்லாரும் இலவச வீடு இலவச வீடுங்கிறாங்க தம்பி. எங்க மாமியார் கட்ட ஆரம்பிச்சாங்க, நான் கட்டி முடிச்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ரசீதுகளைத் திரும்ப அடுக்கும்போது அவர் குரலில் இருந்தது பெருமை.

ஏழைகளுக்கு நகரம் வீடு கட்டித் தருகிறது என்றால் அந்தப் பணம் யாருடையது, யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதைவிட முக்கியம், திட்ட அறிக்கையில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் சென்னையின் வீட்டுத் திட்டங்கள் ஏன் இப்படி ஆயின என்பது புரியாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த மாதிரி வீடுகளை ஊரில் எல்லாரும் "ஹவுசிங் போர்டு" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுவசதி வாரியம் வேறு. அது 1961-ல் வந்தது. நடுத்தரக் குடும்பங்களுக்கும் சேர்த்து மனையும் வீடும் விற்கும் அமைப்பு. குடிசைப் பகுதி மக்களுக்கென்று 1970-ல் தொடங்கப்பட்டது குடிசை மாற்று வாரியம். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற அண்ணாவின் வாசகம்தான் அதன் முழக்கம். 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

சரி, இன்றைக்கு ஒரு வீட்டுக்குப் பணம் எப்படிச் சேர்கிறது? 2015 ஜூனில் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம், நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது, வீடு பெண்ணின் பெயரிலோ பெண்ணையும் சேர்த்தோ பதிவாக வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். அரசு வாரியம் கட்டித் தரும் அடுக்குமாடி வீடு என்றால், மத்திய அரசு ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. சென்னையில் அப்படி ஒரு வீட்டைக் கட்டவே இப்போது 10 லட்சத்தைத் தாண்டுகிறது. மீதியில் பெரும்பங்கு மாநில அரசின் பணம். எஞ்சியதைப் பயனாளியின் பங்கு என்கிறார்கள்.

இந்தப் பயனாளி பங்கில்தான் முதல் முடிச்சு. மீன் விற்பவரும் வீட்டு வேலை செய்பவரும் லட்சக்கணக்கில் கையில் வைத்திருப்பதில்லை. வங்கிக் கடன் வாங்கலாம் என்றால், வங்கி கேட்பது சம்பளச் சீட்டு. தினக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு? அதனால் வீடு கட்டி முடிந்து நிற்கும், பட்டியலில் பெயரும் இருக்கும், பங்குத் தொகை கட்ட முடியாததால் சாவி வராது. கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுபவர்களும் உண்டு. மலிவு வீடு அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவில் முடிந்தது என்பதை அப்புறம் வட்டிக்காரரின் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது செங்கல், சிமென்ட், கம்பியின் விலை. இந்தக் கணக்கில் நிலம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் பூஜ்யம் என்று பதில் வரும். அரசுப் புறம்போக்கு நிலத்தில் கட்டுகிறார்கள், அதனால் நிலத்துக்குச் செலவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நகரின் நடுவில் ஒரு கிரவுண்டு நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 சதுர அடி. சதுர அடி 15,000 ரூபாய் என்றால் நிலத்தின் விலை 3 கோடியே 60 லட்சம். அதில் நிலப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 4,800 சதுர அடி கட்டினால், 400 சதுர அடியில் 12 வீடு வரும். ஒரு வீட்டுக்கு நிலத்தின் பங்கு மட்டும் 30 லட்சம். கட்டுமானச் செலவைப்போல் இரண்டு மூன்று மடங்கு! தனியார் கட்டுநர் ஏழைக்கு வீடு கட்ட முடியாததற்குக் காரணம் இந்த 30 லட்சம்தான். அரசால் கட்ட முடிவதற்குக் காரணம், அந்த 30 லட்சத்தை அது எழுதாமல் விட முடிகிறது என்பதுதான்.

நகரின் நடுவில் குடிசைகள் இருக்கும் இடமும் பெரும்பாலும் அரசு நிலமே. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, சாலையோரம், கடற்கரை. திட்டக் கணக்கில் அந்த நிலத்தின் விலையும் பூஜ்யம், 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலத்தின் விலையும் பூஜ்யம். காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் முடிவெடுக்கும் அறைக்குள் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே இருக்கும் நிலத்துக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்: மேம்பாலம், ரயில், நடைபாதை, பூங்கா, அலுவலகம். வெளியே இருக்கும் நிலத்துக்குப் போட்டி இல்லை. அதனால் எழுதாத விலை வேறு வழியில் தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஏழை வெளியே போகிறார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. வாரியம் தொடங்கிய காலத்தில் கொள்கை எளிமையானது: குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு. கடற்கரை ஓரத்து நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் 1970-களில் எழுந்த தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட கட்டடங்கள் அந்தக் காலத்தவை. வீடு சின்னது, படிக்கட்டு குறுகல். ஆனால் மீனவருக்குக் கடல் அதே தூரத்தில் இருந்தது. 1971-ல் வந்த குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட பகுதி என்றால் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் குழாய், விளக்கு, கழிப்பறை போன்ற வசதிகளும் உண்டு. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. இடையில் ஊர் எவ்வளவு பெருத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் வந்து குடியேறியவர்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

1977-ல் வேறொரு வழி வந்தது. என்னைக் கேட்டால், சென்னை செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். உலக வங்கிக் கடனில் நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம். அடுக்குமாடி கட்டித் தருவதை விட்டுவிட்டு, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் நிலத்தைத் திருத்தி, தெரு போட்டு, தண்ணீரும் சாக்கடையும் கொண்டுவந்து, மனைகளாகப் பிரித்தார்கள். சுமார் ஒரு சென்ட் அளவுக்கு மிகச் சிறிய மனைகள்தான் அதிகம். ஏழைக் குடும்பத்துக்கு மனையும் அதில் ஒரு கழிப்பறையும் தண்ணீர் இணைப்பும் கிடைக்கும், மீதியைக் கையில் காசு வரவர அவர்களே கட்டிக்கொள்வார்கள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வியாபாரிகளுக்கும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். இரண்டாம் கட்டத்தில் முகப்பேர் வந்தது. கூடவே, நகருக்குள் இருந்த குடிசைப் பகுதிகளில் வீடுகளை இடிக்காமல் வசதிகளை மட்டும் செய்துகொடுத்து நிலத்துக்கு உரிமைப் பத்திரம் தருவது என்று இன்னொரு பிரிவும் நடந்தது.

அரும்பாக்கமும் வில்லிவாக்கமும் அப்போது ஊரின் ஓரம். மனை வாங்கியவர்கள் முதலில் ஓலைக் கொட்டகை போட்டார்கள், பிறகு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பிறகு ஒரு அறை தளம், மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மாடி. பார்ப்பதற்கு அழகில்லை, வேகமும் இல்லை. அதனாலேயே அந்தக் காலத்தில் பலர் இதைத் தோல்வி என்று எழுதினார்கள். பின்னாளில் உலக வங்கி ஆய்வாளர்கள் மும்பையிலும் சென்னையிலும் இதே இடங்களைத் திரும்பி வந்து பார்த்தபோது, அவை பல வருமானத்தாரும் கலந்து வாழும் உயிருள்ள தெருக்களாக மாறியிருந்ததைப் பதிவு செய்தார்கள். இன்று முகப்பேரில் வீடு வாங்கப் போகும் பலருக்கு அந்தப் பகுதி ஏழைகளுக்கான திட்டத்தில் பிறந்தது என்பதே தெரியாது. ஏழைகளில் எத்தனை பேர் மனையை விற்றுவிட்டுப் போனார்கள் என்ற கேள்வி நியாயமானது. விற்றவருக்கும் நிலத்தின் விலை கையில் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு 2000-ல், நகருக்குள்ளிருந்து அகற்றிய குடிசைவாசிகளுக்காகத் தெற்கு விளிம்பில் கண்ணகி நகர். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் வரிசை வரிசையாக 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்து செம்மஞ்சேரி, 2004 சுனாமியில் வீடிழந்தவர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். 2005 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தது. 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ஏழைகளின் வீட்டுக்கு ஆகும் செலவில் பாதியை மத்திய அரசே தந்தது. பாதிப் பணம் தில்லியிலிருந்து வருகிறது, குறித்த காலத்துக்குள் செலவழிக்க வேண்டும், ஒரே இடத்தில் பெரிதாகக் கட்டினால் ஒரு டெண்டர், ஒரு ஒப்பந்தம், வேலை சுலபம். நகருக்குள் 200 வீடு, 300 வீடு என்று நூறு இடங்களில் மக்களோடு பேசிப் பேசிக் கட்டுவதைவிட, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே இடத்தில் எழுப்புவது நிர்வாகத்துக்குத் தோதாக இருந்தது. பணம் வந்த விதமே கட்டடத்தின் வடிவத்தை முடிவு செய்துவிட்டது. இதில் தனிப்பட்ட யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. கணக்கை அப்படி வைத்தால் விடை அப்படித்தான் வரும்.

கூவம் சீரமைப்புக்காக மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றத் திட்டமிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்கள் லாரி லாரியாகப் போயின. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றத்தான் மாற்றுகிறோம் என்றார்கள். அதே வெள்ளத்தில் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் நின்றது.

இப்போது அந்த எழுதாத செலவுக்கு வருவோம். மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துப் பிழைத்த பெண் ஒருவர் பெரும்பாக்கத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். முன்பு முதல் வீட்டுக்கு ஆறரைக்கு நடந்து போனார், எட்டரைக்கு வீடு திரும்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார், மறுபடி இரண்டாவது வீட்டுக்குப் போனார். இப்போது ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டுமானால் ஐந்து மணிக்குள் பஸ் ஏற வேண்டும். நடுவில் வீட்டுக்கு வர முடியாது, பிள்ளையை அனுப்ப ஆளில்லை. மூன்று வீடு இரண்டாகும், பிறகு ஒன்றாகும். கணவர் பாரிமுனையில் லோடு ஏற்றுபவர் என்றால் அவருடைய போக்குவரத்துச் செலவு தனி. ஒரு நாளைக்கு 60 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 1,500. வருடத்துக்கு 18,000. இருபது வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். மத்திய அரசு தரும் மானியத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அந்த ஒரு ஆளின் பஸ் காசிலேயே திரும்பிப் போய்விடுகிறது. பெண் இழந்த வருமானத்தை இன்னும் சேர்க்கவில்லை.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததே, அதை நான் ஒரு வகையில் வீட்டுத் திட்டத்தின் பாக்கிச் செலவாகவும் பார்க்கிறேன். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அதிகாலைப் பேருந்தில் ஒரு முறை ஏறிப் பார்த்தால் தெரியும். கூடையும் டிபன் தூக்கும் நெரியும் அந்தப் பேருந்தில் நிற்பதற்கும் இடம் கிடைப்பதில்லை. ஆனால் பாருங்கள், வீட்டுத் துறையின் கணக்கில் 'மலிவு' என்று முடிந்த வீட்டின் செலவை, வேறொரு துறை தன் மானியக் கணக்கில் மாதாமாதம் சுமக்கிறது.

ஒரு பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகங்கள் பெருகி, கண்ணகி நகர்ப் பெண்கள் பலருக்கு அங்கே துப்புரவு வேலையும் கேன்டீன் வேலையும் கிடைத்தது உண்மை. அது வீட்டுத் திட்டத்தில் யோசித்து வைத்த ஏற்பாடு என்று சொல்ல முடியாது. வீடு போன பிறகு வேலை வந்தது, சிலருக்கு வந்தது.

அடுத்தது பராமரிப்பு. மூன்று மாடிக் கட்டடத்தில் பழுதாக அதிகம் இல்லை: தண்ணீர்த் தொட்டி, குழாய், சாக்கடை. பெரும்பாக்கத்தில் இருப்பது எட்டு மாடி. லிஃப்ட் வேண்டும், மோட்டார் வேண்டும், தீயணைப்புக் குழாய் வேண்டும், இரவு முழுக்க மாடிப்படியில் விளக்கெரிய வேண்டும். உயரமாகக் கட்டினால் நிலம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு மாதமும் செலவு. பல மாடிக் குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்கு மாதம் 750 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் என்று வைத்தார்கள். வேலை போய் வருமானம் சுருங்கிய குடும்பம் அதைக் கட்டத் திணறும், கட்டணம் வராவிட்டால் லிஃப்ட் நிற்கும், ஏழாவது மாடியில் இருக்கும் பாட்டி கீழே இறங்குவதையே விட்டுவிடுவார். 2021-ல் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் எவ்வளவு வசூலிக்கிறதோ அதே அளவு பணத்தை அரசும் போடும். நல்ல ஏற்பாடு. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று, 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்கூட்டியே வெளியே வந்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

பத்திரம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். தவணை முழுவதும் கட்டி முடித்தவருக்குக் கிரயப் பத்திரம் தர வேண்டும். ஆனால் கட்டடம் நிற்கும் நிலம் பல இடங்களில் இன்னும் பொதுப்பணித் துறை, மாநகராட்சி என்று வேறொரு துறையின் பெயரில் இருக்கிறது. அந்தத் துறை வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் வாரியம் குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்க முடியும். அதனால் கையில் நூல் சுற்றிய ரசீதுக் கட்டு இருந்தும் பத்திரம் இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். பத்திரம் இல்லையென்றால் வீட்டின் பேரில் கடன் வாங்க முடியாது, முறையாக விற்கவும் முடியாது. நிலத்தின் கணக்கில் தொடக்கத்தில் பூஜ்யம் என்று எழுதியது இங்கே வந்து உறைக்கிறது.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அங்கே 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டத்தால் அரசு பெருமளவு நிலத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 1968 முதல், தொழிலாளியின் கட்டாய சேமிப்பு நிதியிலிருந்தே வீட்டுக்குப் பணம் கட்ட வழி செய்தது. நிலமும் மாத வருமானமும் ஒழுங்காக இருந்ததால் கட்டடம் பின்னால் வந்தது. நம் ஊரில் கட்டடத்தை மட்டும் அங்கேயிருந்து எடுத்துக்கொண்டோம்.

பணம் திரட்டப் புதிய வழிகளும் வந்திருக்கின்றன. 2020-ல் உலக வங்கி தமிழ்நாட்டு வீட்டுத் துறைக்காக 20 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கியோடு 15 கோடி டாலருக்கு ஒப்பந்தம். தமிழ்நாடு உறைவிட நிதியம் என்று ஒரு முதலீட்டு நிதி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகள் அதன் பணத்தில் எழுகின்றன. விற்காமல் வாடகைக்கு விடுவது என்ற யோசனைக்கு இந்த விடுதிகள் நல்ல தொடக்கம். ஊருக்கு வேலை தேடி வரும் எல்லாருக்கும் சொந்த வீடு தேவைப்படுவதில்லை, வேலைக்குப் பக்கத்தில் மாத வாடகைக்கு ஒரு சுத்தமான அறை போதும்.

இன்னொரு வழி, கட்டுநர்களிடமிருந்து வாங்குவது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், அதில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்று விதி உண்டு. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது 'ஷெல்டர் சார்ஜ்', அதாவது ஏழைகளின் வீட்டுக்கான கட்டணம், வசூலிக்கிறார்கள். பணமாக வாங்குவது வசூலுக்குச் சுலபம். ஆனால் அண்ணா நகரில் வாங்கிய கட்டணம் கடைசியில் நகரத்தின் விளிம்பில் வீடாக மாறினால், நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏழைதான் மறுபடி பஸ் ஏறுகிறார். மனையாகவோ வீடாகவோ அதே பகுதியில் வாங்குவதுதான் அந்த விதியின் உயிர்.

நல்ல செய்தி என்னவென்றால், வாரியத்தின் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அதே இடத்தில் அதே குடும்பங்களுக்குப் புதிய வீடு கட்டும் பணி இப்போது நகருக்குள் நடக்கிறது. 1970-களில் ஒதுக்கிய நிலம் இன்றும் ஏழையின் கையில் இருப்பதால்தான் இது முடிகிறது. நான் சந்தித்த அம்மாவின் கட்டடமும் அந்த வரிசையில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு, புது வீடு வரும்வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆயிற்று. கட்டுமானம் 18 மாதத்தில் முடிந்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அவருடைய தெருவிலேயே ஒற்றை அறை வாடகை என்ன என்று கேட்டேன். "அஞ்சாயிரத்துக்குக் கம்மி இல்ல தம்பி, அட்வான்ஸ் தனி" என்று சொல்லிவிட்டு, ரசீதுக் கட்டுகளைக் கவருக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.